சிபார்சுக் கடிதமும் சாட்சியமும்

சென்ற கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் மாலை நமது காரியாலயத்துக்கு ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். மேற்கு ஜில்லாக்களில் ஒன்றிலுள்ள ஒரு கலாசாலையில் பௌதிக சாஸ்திரம் படித்து எம்.எஸ்ஸி. தேறியவர். தகப்பனார் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். அமெரிக்காவில் ஆறு சர்வகலாசாலைகளுக்கு டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக விண்ணப்பம் செய்யப் போவதாகவும், டிசம்பர் 15-ந் தேதிக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டுமென்றும் சொல்லி, மூன்று காகிதங்களை நம் முன் வைத்தார்.

"ஐயா, இந்த மூன்று கடிதங்களிலும் இங்கிலீஷ் சரியாயிருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். மூன்றும் அவரைப் பற்றி மூன்று பெரியவர்கள் எழுதியனவாக உள்ள சிபார்சுக் கடிதங்கள். ஒருவர் அக்கலாசாலையின் தலைவர். ஒருவர் பௌதிகப் பகுதியின் தலைவர். மற்றொருவர் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற பேராசிரியர். முதற்கடிதத்தில் நமது வாலிபர் கடுமையாக உழைப்பவர். இரண்டாவதில் உழைப்பில் சலியாதவர். மூன்றாவதில் உழைப்பே உருவெடுத்தவர். மூன்றிலும் அவர் நல்லொழுக்கமுள்ளவர். மூன்றிலும் ஒரே வார்த்தையில் ஒரே எழுத்துப் பிழை இருந்தது.

"தம்பி, இவற்றை எழுதியது யார்?" என்று கேட்டோம்.

"நான்தான், ஐயா. நீயே எழுதிக்கொண்டு வா, பார்த்துவிட்டு அனுப்பி விடுகிறோம் என்று மூன்று பேருமே சொல்லிவிட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்."

இதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமோ தயக்கமோ இல்லை. வழக்கமாகிப் போன காரியத்தில் வெட்கம் எங்கிருந்து வரும்? அவர் பொய் பேசுகிறவரல்லர் என்பது அந்த ஒரு பதிலிலேயே நமக்கு விளங்கிற்று. ஆயினும் அவர் கையில் வைத்திருந்தவை மூன்றும் பொய்ச் சாட்சியங்களே.

தேசத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் இருக்க, ஒரு மாணாக்கருடைய கடிதத்துக்காகப் பத்திராதிபர் இவ்வளவு இடத்தைச் செலவிடுவானேன் என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். 2023-24-ம் கல்வி வருஷத்தில் அமெரிக்கக் கலாசாலைகளில் இருந்த இந்திய மாணாக்கர்களின் தொகை 3,31,602. 2009-ம் வருஷத்துக்குப் பிறகு சீன தேசத்தாரை நம்மவர் அத்தொகையில் மிஞ்சியது அவ்வருஷத்திலேதான். இவர்களில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்புப் படிக்கச் சென்றவர்கள். இந்தப் பெருந்தொகையில் சொந்தப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொட்டி எம்.எஸ். பட்டம் வாங்கப் போகிறவர்களே மிகப் பலர். அந்தச் சர்வகலாசாலைகளே சம்பளம் வாங்காமல் கற்பித்து, மாதந்தோறும் ஜீவனத்துக்கும் கொடுத்து, ஐந்தாறு வருஷம் ஆராய்ச்சி செய்ய வைத்துக்கொள்ளும் டாக்டர் பட்ட ஸ்தானங்கள் வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உண்மையில் திறந்திருக்கும் வாசல் இந்த இரண்டாவது வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் கேட்கப்படுவது பணமன்று, சாட்சியம். அந்தச் சாட்சியத்தைத்தான் நாம் மாணாக்கரையே எழுதிக்கொள்ளச் சொல்லுகிறோம்.

அங்கே தெரிந்தெடுக்கும் முறையை நம்மவர் பெரும்பாலும் சரிவர அறிவதில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பரீக்ஷை, ஒரே வரிசை. வரிசையில் முன் நிற்பவனுக்கு இடம், பின் நிற்பவனுக்கு இல்லை. இம்முறையில் குற்றங்கள் பல உண்டெனினும் ஒரு குணம் உண்டு: யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆகையால் நம் வாலிபர்கள் அமெரிக்கச் சர்வகலாசாலையையும் அப்படியே பாவித்து, மார்க்குப் பட்டியல் ஒன்றே போதுமென்று நம்பிவிடுகிறார்கள். உண்மை வேறு. பேர் பெற்ற ஒரு சர்வகலாசாலையில் ஒரு பகுதியில் உள்ள இருபது ஸ்தானங்களுக்கு ஐந்நூறு, அறுநூறு விண்ணப்பங்கள் வருவது அதிசயமன்று. அனுப்புகிறவர்களில் மிகப் பலர் தத்தம் கலாசாலையில் முதல்வராகத் தேறியவர்களே. அத்தனை முதல்வர்களுக்குள்ளே இருபது பேரை மார்க்கைக் கொண்டு பிரிப்பது எப்படி? ஜி.ஆர்.இ. என்னும் பொதுப் பரீக்ஷையைக் கேட்டு வந்த பகுதிகளிற் பல 2020-ம் வருஷத்துக்குப் பின் அதைக் கைவிட்டு விட்டன. அப்பரீக்ஷையே 2023 செப்டம்பர் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்படி சுருக்கப்பட்டுவிட்டது. ஆகவே, எந்த ஆசிரியர்களிடம் அந்த மாணாக்கர் வேலை செய்யப் போகிறாரோ அந்த ஆசிரியர்களே ஒரு சபையாகக் கூடி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்து முடிவு செய்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். விடை எழுதப்படாத ஒரு கேள்வியை இந்த வாலிபரிடம் கொடுத்தால் இவர் என்ன செய்வார்? பரீக்ஷைத் தாள் இதற்கு விடை சொல்லாது. இவர் வேலை செய்ததைக் கண்ணாற் கண்டவர் சொல்ல வேண்டும்.

நாம் பல வருஷம் நியாயஸ்தலங்களில் நின்றவர்கள். சாட்சிக் கூண்டில் ஏறுகிற மனிதர்களில் எத்தனையோ வகையைப் பார்த்திருக்கிறோம். கட்சிக்காரர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிற சாட்சி எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஒரு விருந்து. இரண்டாவது குறுக்குக் கேள்வியிலேயே அவர் கரைந்து போவார். அமெரிக்கச் சபையார் குறுக்கு விசாரணை செய்வதில்லை; ஆனால் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கிறவர்களுக்கு அது தேவையுமில்லை. மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசுமாயின், அக்குரல் யாருடையதென்று அவர்கள் கண்டுகொள்வார்கள்.

அத்தேசத்துச் சட்டத்தில் இதுபற்றி ஒரு நுட்பமான ஏற்பாடு உண்டு. 1974-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, ஒரு சர்வகலாசாலையில் படிக்கும் மாணாக்கர் தம்மைப்பற்றி அங்கே வைத்திருக்கும் தஸ்தாவேஜுகளைப் பார்வையிட உரிமையளித்தது. அவ்வுரிமை சிபார்சுக் கடிதங்களையும் தொடும். ஆகவே விண்ணப்பப் பத்திரத்திலேயே, 'இக்கடிதங்களைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று ஒப்புக்கொள்ள ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளுகிறார்கள், மாணாக்கர் கண்ணிற் படாத கடிதத்துக்கே சபையார் மதிப்புக் கொடுப்பார்கள் என்பது அங்கே யாவரும் அறிந்தது. நமது வாலிபரும் அந்த இடத்தில் ஒப்புக்கொண்டு குறியிட்டிருந்தார். தாமே எழுதிய கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்திருந்தார்! இதை அவருக்கு எடுத்துச் சொன்னபோது அவரும் சிரித்தார், நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவர் முகம் வாடிப்போயிற்று.

இவ்வழக்கத்தினால் நஷ்டமடைகிறவர் யார் என்பதே நமக்கு முக்கியம். சிபார்சு செய்கிறவரைச் சில பத்திரங்கள், தாம் கற்பித்த மாணாக்கர்களில் இவர் முதல் நூற்றுக்கு ஒருவரா, ஐவரில் ஒருவரா, பதின்மரில் ஒருவரா என்று நேரே கேட்கின்றன. தன்னடக்கமுள்ள பிள்ளை தன்னைப்பற்றி எழுதும்போது எங்கே குறியிடும்? சாமர்த்தியக்காரன் முதலிடத்தில் இடுவான். கூச்சமுள்ளவன் மூன்றாவதில் இடுவான். பட்டணத்துப் பெரிய கலாசாலையில் படித்த மாணாக்கருக்கோ இக்கஷ்டமே கிடையாது. அவருடைய ஆசிரியர் அமெரிக்காவிலோ சீமையிலோ ஆராய்ச்சி செய்து திரும்பியவராயிருப்பார். அப்படிப்பட்ட கடிதங்களைத் தாமே ஒரு காலத்தில் படித்துத் தெரிந்தெடுத்தவராகவும் இருப்பார். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்தது. ஆக, திறமை ஒன்றாயிருந்தும் சாட்சி பேசுவாரில்லாமல் கிராமத்துப் பிள்ளை தோற்கிறது. அது தன் திறமையின் தோல்வி என்றே நம்பிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறது.

நல்ல சிபார்சுக் கடிதம் எப்படியிருக்கும் என்பதற்கு உதாரணம் தேட நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. சென்னைப் பட்டணத்திலேயே 1913-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அப்படியொரு கடிதம் எழுதப்பட்டது. ஸ்ரீநிவாச ராமாநுஜன் கேம்பிரிட்ஜிலுள்ள ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை அறியாத தமிழர் இல்லை. ஹார்டிக்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பண்டிதர்கள் அவர் காகிதங்களைக் கவனியாது விட்டதையும் பலர் அறிவர். ஆனால் கில்பர்ட் வாக்கர் எழுதிய கடிதத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். வாக்கர் இந்திய வானிலை இலாகாவின் தலைவர். தாமே கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல்வராகத் தேறியவர். துறைமுக இலாகாவில் குமாஸ்தாவாயிருந்த ராமாநுஜனுடைய நோட்டுப் புத்தகங்களைச் சென்னைக்கு வந்திருந்தபோது பார்வையிட்டு, சர்வகலாசாலைக்கு எழுதினார். தாம் பார்த்த அளவில் அந்த வேலையின் புதுமை கேம்பிரிட்ஜ் கலாசாலையொன்றின் கணித பெல்லோ ஒருவருடைய வேலைக்கு ஒப்பானது என்றார். அத்துடன் நிறுத்தவில்லை. அவருடைய சந்தர்ப்பத்தில் எதிர்பார்க்கக்கூடியவாறே பூரணத்துவமும் திட்பமும் அதில் குறைவாக இருக்கின்றன என்பதையும் எழுதினார். அந்தப் பிரிவுகள் தாம் விசேஷமாகப் பயின்றவை அல்லவாதலால், ஐரோப்பிய கீர்த்தி பெறத் தக்கவரா என்று உறுதியாகச் சொல்லத் தம்மால் இயலாதென்பதையும் மறைக்கவில்லை.

நேயர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கண்டது என்ன, அது எதற்கு ஒப்பு, அதிற் குறை என்ன, சொல்லுகிறவருடைய அறிவின் எல்லை எது, இந்த நான்கும் அதில் அடங்கிவிட்டன. உழைப்பாளி என்றோ ஒழுக்கமுள்ளவர் என்றோ அவர் பாராட்டித் தீர்க்கவில்லை. எப். ஏ. பரீக்ஷையில் தவறி, பட்டம் ஒன்றும் பெறாத அந்தக் குமாஸ்தாவுக்குச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. மறு வருஷம் வருஷத்துக்கு 250 பவுன் ஒதுக்கி அவரைக் கப்பலேற்றிற்று. குறையை ஒப்புக்கொண்ட கடிதமாதலினாலேயே நிறைவைப் பற்றி அது சொன்னது நம்பப்பட்டது. நாமோ குறையென்று ஒரு சொல் வந்தால் மாணாக்கர் கெட்டார் என்று எண்ணிப் புகழை வாரி இறைக்கிறோம். அதில் ஒன்றையாவது நம்புவாரில்லை.

இது நிற்க. நாம் நமது வாலிபரைக் கேட்டோம்: "தம்பி, இந்த இரண்டு வருஷத்தில் பாடப் புத்தகத்தில் இல்லாத காரியம் ஏதாவது நீ செய்ததுண்டா?"

சற்று யோசித்து, "அப்படியொன்றும் பெரிதாக இல்லை, ஐயா. பம்பு ஒன்றைச் சரி செய்தேன்" என்றார்.

மெள்ள மெள்ளக் கதை வெளியே வந்தது. அக்கலாசாலையின் ஆராய்ச்சிச் சாலையில், பாத்திரத்திலுள்ள காற்றை வெளியேற்றும் வாக்குவம் பம்பு ஒன்று பல வருஷமாகப் பழுதாகி மூலையிற் கிடந்ததாம். கோடை விடுமுறையில் இவர் அதைப் பிரித்து, எண்ணெய் மாற்றி, சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் செய்து பொருத்தி, நாலு தடவை தோற்று ஐந்தாவது தடவை ஓட வைத்தார். அதைக்கொண்டு கண்ணாடித் துண்டுகளின்மேல் மெல்லிய உலோகப் படலங்களை ஏற்றி, அவற்றில் மின்சாரம் பாய்வதற்குள்ள தடையை இரண்டு மாதம் அளந்தார். கணக்கு ஒத்து வந்த நாட்களையும் ஒத்து வராத நாட்களையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். கடைசி ஆறு பக்கங்களில், கணக்கு ஏன் ஒத்து வரவில்லை என்பதற்குத் தாமே மூன்று காரணம் ஊகித்து, இரண்டைத் தள்ளியிருக்கிறார்.

"இதையெல்லாம் பார்த்தவர் யார்? அவர் பெயர் இங்கே காணோமே?"

"எங்கள் கௌரவ விரிவுரையாளர் ஒருவர், ஐயா. அவர்தான் தினமும் கூட இருந்தார். ஆனால் அவருக்கு நிரந்தர உத்தியோகம் கிடையாது. பெரிய பதவியில் இருக்கிறவர்கள் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்று சொன்னார்கள்."

சம்பவத்தைக் கண்ணாற் கண்ட சாட்சியை வீட்டில் விட்டுவிட்டு, அன்று ஊரிலேயே இல்லாத மிராசுதாரர்கள் மூவரைக் கூண்டிலேற்றப் போயிருக்கிறார். கௌரவ விரிவுரையாளர் என்பது நம் ராஜ்யத்துச் சர்க்கார் கலாசாலைகளில் எவ்வளவு வேலையைச் சுமக்கிற உத்தியோகம் என்பதும், அதற்குக் கௌரவம் என்ற பெயரைத் தவிர என்ன கிடைக்கிறது என்பதும் நேயர்கள் அறியாததல்ல. நிரந்தர ஸ்தானங்கள் காலியாகவே கிடக்க, மொத்தச் சம்பளம் ஒன்றை வாங்கிக்கொண்டு வருஷக்கணக்காக வகுப்புக்களை நடத்துகிறவர்கள் அவர்களே. அதைப்பற்றி வேறொரு நாள் எழுதுவோம்.

பௌதிகப் பகுதித் தலைவருடன் நாமே டெலிபோனில் பேசினோம். அவர் கோபிக்கவில்லை, மனம் விட்டே பேசினார். ஒவ்வொரு வருஷமும் இந்தக் காலத்தில் கடிதம் கேட்டு வருகிறவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில் வரும் பத்திரத்தை நிரப்ப வேண்டும். பாடம், பரீக்ஷை, அறிக்கை, கூட்டம் என்ற வேலைகளுக்கிடையே எப்போது எழுதுவது என்று கேட்டார். "ஐயா, எனக்கு எங்கள் பேராசிரியர் இப்படித்தான் செய்தார். இதில் எழுத வேண்டியது என்ன என்று யாரும் எங்களுக்குச் சொன்னதேயில்லை" என்றும் சொன்னார். இதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். அறுபது பேரை ஒரே அறையில் உட்கார வைத்துக் குறிப்புச் சொல்லி எழுத வைக்கும் கல்வியில், ஒரு பிள்ளை தனியே என்ன செய்கிறது என்று பார்க்க ஆசிரியருக்குச் சந்தர்ப்பமே வருவதில்லை. காணாததைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்? ஆயினும் 'நீயே எழுதிக்கொண்டு வா' என்பதைவிட, 'உன்னை எனக்குப் போதிய அளவு தெரியாது, தெரிந்தவரிடம் போ' என்பது மாணாக்கருக்கு எவ்வளவோ பெரிய உதவி. எழுத உதவியாக, தாம் செய்த வேலைகளின் குறிப்பு ஒன்றை எழுதித் தரும்படி ஆசிரியர் மாணாக்கரைக் கேட்பதில் தவறேயில்லை. குறிப்பு வேறு, வாக்குமூலம் வேறு.

விண்ணப்பக்காரர் தம் நோக்கத்தைத் தாமே எழுதும் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வயதில் நக்ஷத்திரங்களைப் பார்த்து வியந்ததில் தொடங்கி, தேச சேவையில் முடியும் பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. இப்போது இவற்றை யந்திரமே எழுதிக் கொடுத்துவிடுகிறது. வித்தியாசம் இன்னும் குறைந்துவிட்டது. 1929-ல் சென்னை ராஜதானிக் கலாசாலையில் மாணாக்கராயிருந்த எஸ். சந்திரசேகர் என்ன செய்தார்? கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌலர் எழுதியவற்றைப் படித்து, அதே துறையில் தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, அவருக்கே அனுப்பினார். அது ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் பிரசுரமாயிற்று. மறு வருஷம் அவர் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்றபோது, பௌலரே அவருக்கு ஆராய்ச்சியாசிரியரானார். எல்லோரும் சந்திரசேகராக முடியாதென்பது மெய்தான். ஆனால், 'உங்களுடைய இந்தக் கட்டுரையில் இந்த இடம் எனக்கு விளங்கவில்லை. நான் இப்படி அளந்து பார்த்தேன்' என்று எழுத எந்தப் பிள்ளைக்கும் முடியும். நமது வாலிபருடைய நோட்டின் கடைசி ஆறு பக்கங்கள் அதற்குப் போதும்.

இனிப் பணத்தின் சங்கதிக்கு வருவோம். பணம் கேட்காத வாசல் என்று மேலே சொன்னோம். அதிலும் கதவைத் தட்டக் கூலி உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஏறக்குறைய 75 டாலர் முதல் 125 டாலர் வரையில் கட்டணம். ஜி.ஆர்.இ. கேட்கிற இடங்களுக்காக 200 டாலருக்கு மேல். இங்கிலீஷ் பரீக்ஷைக்கு அதே அளவு. மார்க்கை ஒவ்வோரிடத்துக்கும் அனுப்பத் தனிக் கட்டணம். பத்து இடங்களுக்கு அனுப்புகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் போதாது. நமது வாலிபர் ஆறோடு நின்றதற்குக் காரணம் இதுதான். கேட்டால் கட்டணத்தைத் தள்ளிக் கொடுக்கும் பகுதிகள் சில உண்டு. கேட்கலாம் என்பதே நம்மவர்க்குத் தெரியாது. கேட்டால் இடம் கொடுக்கமாட்டார்களோ என்ற பயம் வேறு. அவர் இரண்டிடம் கேட்டார். ஓரிடம் தள்ளிக் கொடுத்தது.

கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் விஷயம் இன்னும் சிக்கலானது. அங்கே இடம் கொடுப்பது ஒரு தீர்மானம், பணம் கொடுப்பது இன்னொரு தீர்மானம். இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஊரெல்லாம் சர்க்கரை வழங்கிவிட்டு, பணம் கிடைக்காமல் இடத்தைத் துறந்தவர்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் 2000-ம் வருஷத்தில் 21 கோடி டாலர் தர்மத்தைக் கொண்டு ஏற்படுத்திய கேட்ஸ் உபகாரச் சம்பளம், பிரிட்டன் நீங்கலாக உலகம் முழுவதற்கும் வருஷத்துக்குச் சுமார் எண்பது பேருக்குத்தான்.

இந்த வாசல்களில் திரும்பினவர்களைப் பிடிக்கவே ஒவ்வொரு ஜில்லாத் தலைநகரிலும் தரகர்கள் கடை வைத்திருக்கிறார்கள். மாணாக்கரிடம் பணம் வாங்காமலே உதவுவதாகச் சொல்லுவார்கள் சிலர். சேர்த்துவிடும் கலாசாலையிடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் வருகிறது. கமிஷன் கொடுக்கும் கலாசாலையையே அவர்கள் சிபார்சு செய்வார்கள் என்பதை வக்கீல் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாய் செலவாகும் எம்.எஸ். பட்டத்தை அவர்கள் கையிற் கொடுத்து, பாங்கியின் வாசலையும் காட்டி விடுவார்கள். நான்கு லட்சம் வரையிலுள்ள கல்விக் கடனுக்கு ஈடு கேட்பதில்லை என்பது பாங்கிகளின் ஏற்பாடு. அதற்கு மேல் போகப் போக ஜாமீனும், பிறகு வீடும் நிலமும் வேண்டும்.

சர்க்கார் என்ன செய்கிறது? தாழ்த்தப்பட்ட வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்நிய தேசத்தில் படிக்க மத்திய சர்க்கார் அளிக்கும் உபகாரச் சம்பளம் ஒன்றுண்டு. தேசம் முழுமைக்கும் வருஷத்துக்கு 125 ஸ்தானங்கள். இது மிகக் குறைவென்பது ஒருபுறமிருக்க, 2022-ல் வெளியிட்ட விதிகளில், இந்தியாவின் கலாசாரம், சரித்திரம், இந்திய சமூகம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சிக்கு இச்சம்பளம் கிடையாதென்று சேர்த்துவிட்டார்கள். அவற்றை உள்நாட்டிலேயே படிக்கலாம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

இச்சமாதானத்தை ஒரு சரித்திர உண்மையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1913-ல் பீமராவ் அம்பேத்கர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் அளித்து அனுப்பியவர் பரோடா மகாராஜா. 1916 மே மாதத்தில் அவர் அங்கே மானிட சாஸ்திர வகுப்பொன்றில் வாசித்த கட்டுரை, இந்தியாவில் ஜாதிகள் தோன்றிய விதத்தையும் வளர்ந்த விதத்தையும் பற்றியது. தம் ஊரில் எந்த விஷயத்தைப் பற்றி வாய் திறந்தாலும் ஜாதியைக் கொண்டே பதில் வருமோ, அதே விஷயத்தைத் தம்மை ஜாதியால் அளக்காத ஒரு சபையின் முன் வைத்துப் பேச அவருக்கு இடம் கிடைத்தது. 2022-ம் வருஷத்து விதி அன்று பரோடாவில் இருந்திருக்குமானால், அக்கட்டுரைக்குரிய விஷயத்தை ஆராய அவருக்கு ஒரு காசும் கிடைத்திராது. சமஸ்தானத்து மகாராஜா ஒருவர் விதிக்காத தடையை, ஜனங்கள் வாக்களித்து அமைத்த சர்க்கார் விதிக்கிறது. அம்பேத்கருக்கே உபகாரச் சம்பளக் காலம் முடிந்து 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் உபாத்தியாயர் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும், சிநேகிதர் கொடுத்த கடனும் சேர்ந்து 1920-ல்தான் அவர் மறுபடியும் போக முடிந்தது. அந்த மூன்று வருஷ இடைவெளியில் எத்தனை பேர் திரும்பாமலே நின்றிருப்பார்கள்?

அந்நியர் வாசலில் ஏன் நிற்க வேண்டும், பெங்களூரில் விஞ்ஞானக் கழகமும் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சிக் கழகமும் இல்லையா என்று கேட்கும் அன்பர்களுக்கு நமது பதில்: இருக்கின்றன, அங்கேயும் நம் பிள்ளைகள் போகவேண்டும், அங்கேயும் ஸ்தானங்கள் சிலவே, போட்டி பெரிது. ஆனால் ஒரு வாசல் போதுமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அமெரிக்க வாசலோ நிலையானது என்று எண்ணுவதற்கில்லை. 2025 பிப்ரவரியில் அத்தேசத்துச் சர்க்கார் ஆராய்ச்சிப் பணத்தில் கை வைத்ததும் பல சர்வகலாசாலைகள் டாக்டர் பட்ட ஸ்தானங்களைக் குறைத்தன. மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதி, கொடுத்த இடங்களையே மார்ச்சு மாதத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. மே மாதக் கடைசியில் மாணாக்கர் விஸா விசாரணைக்குப் புதிதாக நாள் கொடுப்பதையே நிறுத்தி, ஜூனில் மறுபடி தொடங்கினார்கள். ஒரே வாசலை நம்பி வீட்டை அடகு வைக்கிறவர்கள் இவற்றை மறவாதிருக்க வேண்டும்.

நமது வாலிபர் அன்றிரவே ஊருக்குத் திரும்பினார். கலாசாலைத் தலைவருடைய கடிதத்தை விட்டுவிட்டு, கௌரவ விரிவுரையாளருடையதைச் சேர்த்துக்கொண்டார். அவர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லையாம். பம்பு ஓடாத நான்கு தடவைகளைப் பற்றியும் எழுதியதாகப் பின்னால் நம்மிடம் சொன்னார், மாணாக்கருக்குக் காட்டவில்லை. பகுதித் தலைவரும் தம் கடிதத்தைத் தாமே எழுதினார். ஓய்வு பெற்ற பேராசிரியர் எழுதினாரா என்பதை நாம் விசாரிக்கவில்லை.

இப்பொழுது பங்குனி மாதம். ஆறு இடங்களில் மூன்று இல்லையென்று எழுதிவிட்டன. ஒன்று, டாக்டர் பட்டத்துக்கு இடமில்லை, வேண்டுமானால் சொந்தச் செலவில் எம்.எஸ். படிக்கலாம் என்கிறது. ஒன்று இன்னும் பதில் எழுதவில்லை. ஆறாவது, காத்திருப்போர் ஜாபிதாவில் அவரை வைத்திருக்கிறது. பணத்துடன் இடம் பெற்ற மாணாக்கர்கள் ஏப்ரல் 15 வரையில் யோசித்துப் பதில் சொல்லலாம் என்பது அத்தேசத்துச் சர்வகலாசாலைகள் பல சேர்ந்து செய்துகொண்டுள்ள ஏற்பாடு. இரண்டு மூன்று இடம் பெற்றவர்கள் வேண்டாததை விடும்போதுதான் காத்திருப்போர் பெயர் எழும்.

சென்ற வாரம் அவர் தகப்பனார் நம்மிடம் வந்தார். எம்.எஸ். படிப்புக்கே அனுப்பிவிடலாம் என்று ஒரு தரகர் சொன்னாராம். வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, "வக்கீல் ஐயா பார்த்து, பாங்கியில் வைக்கச் செல்லுமா என்று சொல்ல வேண்டும்" என்றார். பார்த்தோம், பத்திரத்தில் குற்றமில்லை, செல்லும். அதை அவரிடம் சொல்லிவிட்டு, ஏப்ரல் 15 கழியட்டும் என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, வீட்டில் இருந்தால் மனம் நிற்காது என்று சொல்லி, பத்திரத்தை நம்மிடமே விட்டுப் போனார். அது நம் மேஜை அறையில் இருக்கிறது.